உது என்று சொல்வதற்கு முன்

புத்தகத்தை முழுதாக வாசித்து முடித்த பிறகு கணினியில் கை வைப்பதா, கை வைத்துக்கொண்டே வாசிப்பதா? சென்ற மாதம் கீர்த்தனா என்ற பிள்ளை என்னிடம் இதைத்தான் கேட்டாள். யாழ்ப்பாணத்தில் நான் முன்பு வேலை செய்த நிறுவனத்தில், நான் இருந்த மேசையில் இப்போது இருப்பவள் அவள். வலையமைப்புச் சான்றிதழ்ப் பரீட்சைக்குப் படிக்கிறாள். "அக்கா, நீங்கள் முதல் தரம் எழுதியே பாஸ் பண்ணினனீங்களாம். எப்பிடிப் படிச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோவன்" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பதில் எழுதத் தொடங்கினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அதையும் அழித்தேன். இன்னும் அனுப்பவில்லை.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். நான் அந்த வயதுக்காரி அல்ல. மகள் பிறக்கும்போது வேலையை விட்டேன். அவளுக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. ஓய்வு என்ற சொல் எனக்குப் பொருந்துமோ என்று பலமுறை யோசித்தேன். ஆனாலும் ஒரு காலத்தில் தினமும் செய்த வேலையை இப்போது செய்யாமல் இருப்பவள் என்ற கணக்கில் எழுதுகிறேன். பிழை என்றால் ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோப்பாயில் என் பெற்றோரின் வீட்டில் இருக்கிறேன். அவர்கள் தம்பியோடு கனடாவில். கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். பருத்தித்துறைப் பக்கத்து ஆள். அவர்கள் குடும்பத்தில் கடலுக்குப் போவது புதிதல்ல. கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் கதைப்பார். மற்ற நாட்களில் வீட்டில் கேட்கும் பெரியவர் குரல் என்னுடையது மட்டும்தான்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணிதப் பிரிவில் உயர்தரம், பிறகு ஒரு டிப்ளோமா, பிறகு இந்த வேலை. கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பதும், அந்த இணைப்பு அறுந்தால் சரிசெய்வதும்தான் எங்கள் நிறுவனத்தின் தொழில். பாடசாலைகள், கடைகள், சங்கங்கள் எனக் குடாநாடு முழுவதும் எங்களுக்கு இடங்கள் இருந்தன. சேர்ந்த புதிதில் சான்றிதழுக்குப் படிக்கச் சொன்னார்கள். தலையணை அளவு ஆங்கிலப் புத்தகம். நான் எதையும் முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை வாசிக்காமல் தொடமாட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படி. சமையல் குறிப்பையும் இரண்டு முறை வாசித்த பிறகுதான் அடுப்பு மூட்டுவேன்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் நந்தினி அக்கா. அந்த அலுவலகத்தில் பெண்களை மிஸ் என்பார்கள். அவவை மட்டும் எல்லோரும் அக்கா என்றோம். உயரமான மனுஷி. உரத்துப் பேசமாட்டா. ஒருவர் பிழையாகச் சொன்னால் பிழை என்று சொல்லமாட்டா, "திருப்பிச் சொல்லு" என்பா. மூன்றாம் முறை திருப்பிச் சொல்லும்போது பிழை நமக்கே கேட்கும். மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துவிட்டு, யாராவது தொலைபேசியில் உதவி கேட்டால், முழுதையும் கேட்டு முடித்து, அவர்கள் வைத்த பிறகுதான் முதல் கவளத்தை எடுப்பா. அப்போது சோறு ஆறிப்போயிருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் அவ எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தா. நான் அதை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. படிக்கிறவர் கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால், மேசையில் கருவிகளோடு அக்கா இருப்பா. "நான் தூரத்திலை இருக்கிற ஒரு ஆள். எனக்குக் கண் இருக்கு, ஒண்டும் தெரியாது. உனக்குத் தெரியும், கண் இல்லை. சொல்லு" என்பா. நாங்கள் சொல்லச் சொல்ல அவ செய்வா. சொன்னதை மட்டும் செய்வா, அதற்கு மேல் ஒரு விரலும் அசையாது. முதல் வெள்ளிக்கிழமை நான் "வயரை இழுங்கோ" என்றேன். இழுத்தா. நிறுத்தச் சொல்லவில்லை என்பதற்காக இழுத்துக்கொண்டே இருந்தா. பெட்டி மேசையிலிருந்து விழுந்த சத்தத்தில்தான் திரும்பிப் பார்த்தேன். வயரைக் கையில் பிடித்தபடி, "அடுத்தது என்ன மிஸ்?" என்றா.

அடுத்த வாரம் "அதைக் கழட்டுங்கோ" என்றேன். அப்போதுதான் அவ எனக்கு மறக்க முடியாத ஒன்றைச் சொன்னா. எங்கள் பேச்சில் சுட்டிக்காட்ட மூன்று சொற்கள் இருக்கின்றன. சொல்பவருக்குப் பக்கத்தில் இருப்பது இது. இரண்டு பேருக்கும் தூரத்தில் இருப்பது அது. கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது உது. எங்கள் ஆங்கிலப் புத்தகத்தில் இரண்டுதான். "ரெலிபோனிலை உனக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை. உதுதான் இருக்கு. ஆனால் உது எண்டு சொல்ல முதல், அவையின்ரை கையிலை என்ன இருக்கெண்டு கேள். தெரியாமல் உது எண்டு சொல்லாதை."

அந்த ஆண்டே பரீட்சை எழுதினேன். புத்தகத்தைக் கிட்டத்தட்டப் பாடமாக்கியிருந்தேன். கணினிக்குள் ஒரு போலி வலையமைப்பைக் கட்டிப் பழகும் மென்பொருளிலும் பழகியிருந்தேன். சித்தியடைந்தேன். எது என்னைச் சித்தியடைய வைத்தது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. யோசிக்க வைத்த நாள் பிறகு வந்தது.

பருத்தித்துறையில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கணினிக் கல்வி நிலையம் நடத்தினார். அங்கே வெளிநாட்டுச் சான்றிதழ்ப் பரீட்சைகளை இணையத்தினூடாக எழுதலாம். நவராத்திரி வந்தால் விஜயதசமி நாளுக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம். ஏடு தொடக்கும் நாள், அன்றைக்கு எழுதினால் நல்லது என்று எல்லாப் பிள்ளைகளும் அதே நாளைத்தான் கேட்பார்கள். அதற்கு முதல் நாள் சரஸ்வதி பூசை. புத்தகங்களைப் படத்துக்கு முன் அடுக்கிவிட்டால் பூசை முடியும் வரை தொடமாட்டோம். பரீட்சைக்கு முதல் நாள் ஒரு எழுத்தும் வாசிக்காமல் இருக்க முடிகிறவர்கள் எங்கள் பிள்ளைகள்தான் என்று நினைக்கிறேன்.

அந்த விஜயதசமி காலையில் நான் அலுவலகத்தில் தனியாக இருந்தேன். நந்தினி அக்காவும் மற்ற இருவரும் மன்னாரில் ஒரு வேலைக்குப் போயிருந்தார்கள். தொலைபேசி அவர்களை எட்டவில்லை. நான் பிள்ளைத்தாய்ச்சி, நெடுந்தூரம் பஸ்ஸில் போக வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பரீட்சை தொடங்கச் சிறிது நேரம் இருக்கும்போது நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருக்கும் பவா அக்கா தொலைபேசி எடுத்தா.

"மிஸ், ஒண்டும் வேலை செய்யேல்லை. பிள்ளையள் எல்லாம் வந்திட்டுதுகள்."

குறித்த நேரத்துக்குள் பரீட்சையைத் திறக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளின் இடம் போய்விடும். மறுபடி பதிய வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். அவர்களில் சிலர் வன்னியிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறி வந்தவர்கள். எனக்கு இது தெரியும். பவா அக்காவுக்கும் தெரியும். அதனால் இருவரும் மிக மெதுவாகப் பேசினோம்.

புத்தகம் சொன்னபடி, மின்சாரத்தில் தொடங்கி அடியிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே போனேன். மின்சாரம் இருந்தது. வெளியே இருந்து இணையம் கொண்டுவரும் பெட்டியை நிறுத்திப் போடச் சொன்னேன். போட்டதும் எல்லாம் வந்தது. பின்னால் பிள்ளைகளின் குரலில் ஒரு சின்ன மகிழ்ச்சி கேட்டது. ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது, மறுபடி போய்விட்டது. மறுபடி நிறுத்திப் போட்டோம். மறுபடி வந்து, போனது.

இப்படி வந்து வந்து போனால் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கணினிகளின் வயர்கள் வந்து சேரும் பெட்டியை எங்கள் தொழிலில் சுவிட்ச் என்போம். ஒரு வயரின் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் கொழுவிவிட்டால், உள்ளே போன செய்தி வெளியே வந்து மறுபடி உள்ளே போய், முடிவில்லாமல் சுற்றி, மற்ற எதற்கும் இடமில்லாமல் ஆக்கிவிடும். ஆனால் புத்தகம் அதே அத்தியாயத்தில், சுவிட்ச் அதைத் தானே கண்டுபிடித்து ஒரு வழியை அடைத்துவிடும் என்றும் சொல்லியிருந்தது. மென்பொருளில் எத்தனையோ தரம் வேண்டுமென்றே அப்படிக் கொழுவிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அது அடைத்தது. படித்ததும் பழகியதும் ஒன்றையே சொன்னதால் அந்தச் சந்தேகத்தைத் தள்ளி வைத்தேன்.

வரவேற்பு மேசைக்குக் கீழே பின்னாளில் வைத்த ஒரு சின்ன சுவிட்ச் இருப்பது நினைவுக்கு வந்தது. அதைப் பார்க்கச் சொன்னேன்.

"எந்தச் சுவிட்ச் மிஸ், ஃபான் சுவிட்சோ?"

"இல்லை அக்கா. நிறைய வயர் வந்து கொழுவியிருக்கிற பெட்டி."

"ஓம், கிடக்கு."

"அதிலை லைட் மினுங்குதோ?"

"ஒரு லைட்டும் தெரியேல்லை மிஸ்."

விளக்கு இல்லையென்றால் மின்சாரம் இல்லை. அதன் செருகியை மாற்றச் சொன்னேன். வேறு இடத்தில் கொழுவச் சொன்னேன். அதைப் பார், அதை மாற்று, அதைத் தள்ளிவிடு என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவ மேசைக்குக் கீழே குனிந்தபடி ஓம் ஓம் என்றுகொண்டே இருந்தா. பின்னால் ஓர் ஆண் குரல், "நல்ல நாள் எண்டுதானே இண்டைக்கு வந்தனாங்கள்" என்று யாருக்கோ சொன்னது.

அப்போது நான் ஒன்று செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியாது. கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து இருந்தேன்.

"பவா அக்கா, இப்ப உங்கடை கையிலை என்ன இருக்கு?"

"ஃபோன்தான் மிஸ்."

"மற்றக் கையிலை?"

"மற்றக் கையிலை சந்தனம் மிஸ். பெட்டியைப் பிடிச்சன், கையிலை பிரண்டிட்டுது."

"பெட்டியிலை எப்பிடிச் சந்தனம்?"

"நேற்றுப் பூசையெல்லோ. எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொட்டு வைச்சனாங்கள். இந்தச் சின்னதுக்கு வைக்க இடமில்லை. முன்பக்கத்திலை சின்னச் சின்ன ஓட்டை மாதிரி வரிசையாய் இருந்தது. அதிலை நீட்டுக்குப் பூசி, நடுவிலை குங்குமம் வைச்சன். வடிவாய்த்தான் இருக்கு."

அந்த வரிசைதான் விளக்குகள். துடைக்கச் சொன்னேன். சேலைத் தலைப்பால் துடைக்கும் சத்தம் கேட்டது.

"மிஸ், எல்லாம் ஒண்டாய் விசர் பிடிச்ச மாதிரி மினுங்குது."

எல்லாம் ஒன்றாக இடைவிடாமல் மினுங்கினால் என்ன பொருள் என்று நான் வாசித்திருந்தேன். மலிவான சிறு பெட்டிகளுக்கு வழியை அடைக்கத் தெரியாது என்பதும் அந்தப் புத்தகத்திலேயே, ஒரு பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் இருந்தது. அப்போதுதான் அந்தப் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

ஒரு வயரின் தலையைப் பிடிக்கச் சொன்னேன். கையை விடாமல் தடவிக்கொண்டே போய், எங்கே முடிகிறது என்று சொல்லச் சொன்னேன். ஒன்று சுவருக்குள் போனது. ஒன்று பிரிண்டருக்குப் போனது. அடுத்ததைப் பிடித்தவ நின்றுவிட்டா.

"இது இஞ்சையிருந்து வெளிக்கிட்டு இஞ்சையே வருது மிஸ்."

"உதைக் கழட்டுங்கோ."

அன்று காலையில் நான் சொன்ன முதல் உது அது.

திருத்தக் கொடுத்த ஒரு கணினியின் வயர் சும்மா கிடந்திருக்கிறது. பூசைக்குத் துப்பரவாக்கும்போது அதன் முனை தொங்கினால் வடிவில்லை என்று வெறுமையாக இருந்த ஓட்டையில் கொழுவி விட்டிருக்கிறா. சிரித்துக்கொண்டே சொன்னா. எனக்கும் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் உட்காரும் சத்தம், கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. எல்லோரும் தொடங்கிவிட்டார்களா என்று கேட்டேன்.

"ஒரு பிள்ளை போயிட்டுது மிஸ். தகப்பனோடை வந்தது. நாள் சரியில்லையெண்டு அவர் கூட்டிக்கொண்டு போயிட்டார். அது போக விருப்பமில்லாமல்தான் போச்சுது."

மாலையில் நந்தினி அக்கா எடுத்தா. முழுதையும் கேட்டா. சிறிய எழுத்தில் இருந்த பக்கத்தைப் பற்றிச் சொன்னபோது திருப்பிச் சொல்லச் சொன்னா. பிறகு, "உது சரி. அந்தப் பிள்ளையின்ரை பேர் என்ன?" என்றா. நான் கேட்டு வைத்திருக்கவில்லை. நிலையத்தில் தேடி எடுத்து, அந்தப் பிள்ளைக்கு வேறொரு நாளை ஒதுக்கிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். அறிவித்தார்கள். அவள் வரவில்லை. ஒரு தரம் கடந்துபோனால் மறுபடி வருவதற்கு என்ன தடை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இப்போது விளங்குகிறது.

என் சான்றிதழ் இந்த மார்கழியோடு காலாவதியாகிறது. அதற்குள் புதுப்பிக்கும் பரீட்சையை எழுதாவிட்டால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். நந்தினி அக்கா ஆவணியில் தொலைபேசி எடுத்தா. தீவுப் பகுதிகளுக்கும் தூர இடங்களுக்கும் வீட்டில் இருந்தபடியே தொலைபேசியில் உதவி செய்ய ஒருவர் வேண்டுமாம். "உன்னைத்தான் நினைச்சன். ஆனால் சான்றிதழ் உயிரோடை இருக்க வேணும். அதிலை என்னாலை ஒண்டும் செய்யேலாது" என்றா. வேலை என்பதை விட, பகலில் யாரோடாவது கதைக்கலாம் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியது சரியோ என்றும் யோசித்தேன்.

எனக்குக் கிடைக்கும் நேரம் மகள் மத்தியானம் தூங்கும் நேரம் மட்டும்தான். அவள் ஒரு வினோதமான பிள்ளை. நான் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தால் நன்றாகத் தூங்குவாள். விசைப்பலகையைத் தட்டினால் எழும்பிவிடுவாள். பக்கத்து அறையில் வைத்துப் பார்த்தேன், துணி போட்டு மூடிப் பார்த்தேன். தட்டும் சத்தம் அல்ல, என் குரல் நின்றுபோவதுதான் அவளை எழுப்புகிறது என்று இப்போது நினைக்கிறேன். அதனால் வாசிக்கிறேன். இரண்டாம் முறையும் வாசித்து முடிக்கப்போகிறேன். மாதிரிப் பரீட்சையில் கேள்விகளுக்கு நன்றாகப் பதில் எழுதுகிறேன். செய்து காட்டச் சொல்லும் பகுதியில் விழுந்துவிடுகிறேன். விரல்கள் மறந்துவிட்டன.

செய்து பழகாமல் முடியாது என்று சொல்வீர்கள். ஆனால் பருத்தித்துறையில் செய்து பழகியதும் பொய் சொன்னது. வாசிக்காமல் முடியாது என்றால், வாசித்ததிலும் பெரிய எழுத்து என்னை ஏமாற்றியது, சிறிய எழுத்துத்தான் காப்பாற்றியது. அன்றைக்கு வயரைக் கண்டுபிடித்தது இரண்டும் அல்ல, வெள்ளிக்கிழமைப் பயிற்சி. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்து, நான் சொன்னதை மட்டும் செய்கிற ஒரு ஆள்.

கணவரிடம் கேட்டேன். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்ற நாள். தன் படுக்கையில் இருந்தபடி, "சொல்லும், நான் செய்யிறன்" என்றார். சுற்றிவரக் கிடந்த வயர்களை எடுத்து வைத்துக்கொண்டார். நான் காணொளியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து இருந்தேன். நன்றாகத்தான் போனது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு வெள்ளை வயர் என்றார். உதைக் கழட்டுங்கோ என்றேன். கழட்டினார். அது அவருடைய தொலைபேசிக்கு மின்சாரம் ஏறிக்கொண்டிருந்த வயர். சிறிது நேரத்தில் தொலைபேசி அணைந்துவிட்டது. மறுபடி எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் வேலைக்குப் போகும் நேரம் வந்திருக்க வேண்டும். அடுத்த துறைமுகத்தில், மன்னிப்புக் கேட்டு, நான் சொன்ன மாதிரித்தானே செய்தேன் என்று எழுதியிருந்தார். உண்மைதான்.

மகள் இப்போது சொற்களைப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறாள். இது இன்னும் வரவில்லை. அதுவும் வரவில்லை. உது மட்டும் வந்திருக்கிறது. அவளுக்கு வேண்டியதெல்லாம் என் கையில் இருப்பதுதானே. நான் புத்தகத்தைப் பிடித்தால், உது. கரண்டியைப் பிடித்தால், உது. நேற்று வெறுங்கையோடு இருந்தேன். அதையும் பார்த்து உது என்றாள். என்ன கேட்கிறாள் என்று தெரியாமல் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு இருந்தாள்.

பரீட்சைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. கார்த்திகையில் ஒரு நாளும் மார்கழியில் ஒரு நாளும் மட்டும் மிச்சம் இருப்பதாக நிலையத்தில் சொன்னார்கள். குறித்துவிட்டுப் போகாமல் விடுவேனோ என்ற பயத்தில் குறிக்காமல் இருக்கிறேன். தகப்பனோடு திரும்பிப் போன பிள்ளையை அடிக்கடி நினைக்கிறேன். அவளை யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள். என்னை அப்படிக் கூட்டிக்கொண்டு போகவும் இங்கே ஒருவரும் இல்லை. போகாமல் இருந்தால் அது நானாகத்தான் போகாமல் இருப்பது.

இதை வாசிப்பவர்களில் குழந்தையோடு தனியாக இருந்து படித்தவர்கள் இருப்பீர்கள். வேலை முடிந்து வந்து படித்தவர்கள், ஒரு தரம் விட்டுவிட்டு மறுபடி எழுதியவர்கள் இருப்பீர்கள். தயவுசெய்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். கீர்த்தனாவுக்கும் நான் பதில் அனுப்ப வேண்டும். வாசிப்பதா, செய்து பார்ப்பதா, கார்த்திகையா, மார்கழியா என்று சொல்லுங்கள். ஆனால் அதைச் சொல்வதற்கு முன், நீங்கள் அந்த முடிவை எடுத்த நேரத்தில் உங்கள் ஒரு கையில் என்ன இருந்தது, மற்றக் கையில் என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள். அது தெரிந்தால் நீங்கள் சொல்வதைச் செய்துவிடுவேன்.